யாஸ்னாவின் பதக்கங்களை எந்த வரியில் எழுதுவீர்கள்?
தமிழில் விளையாட்டு எழுதுவோருக்கும் பேசுவோருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

இரவோடு இரவாக விளையாட்டுப் பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்பும் உதவி ஆசிரியர்கள், தொலைக்காட்சியிலும் வானொலியிலும் தமிழ் வர்ணனை செய்பவர்கள், யூடியூபில் விளையாட்டு வரலாறு பேசும் இளைஞர்கள், பள்ளி வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதித் தரும் உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

ஒலிம்பிக் வந்தாலும் ஆசிய விளையாட்டுப் போட்டி வந்தாலும் காலையில் நாளிதழை விரித்ததும் என் கண் முதலில் போவது பதக்கப் பட்டியலுக்குத்தான். அதை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் அது நாடுகளின் கணக்கு. ஆட்களின் கணக்கு பல நேரம் அதற்குள் கரைந்து போய்விடுகிறது. செர்பியர்களின் ஒலிம்பிக் வரலாற்றைப் படித்தால் இது நன்றாகத் தெரியும். நம் மொழியில் செர்பிய விளையாட்டு என்றாலே நோவாக் ஜோகோவிச்சோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவர் பேசப்பட வேண்டியவர்தான். அவருக்கு முன்னும் பக்கத்திலும் நிற்பவர்களைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் யாஸ்னா ஷெகாரிச். 1965 டிசம்பரில் பெல்கிரேடில் பிறந்தவர். வளர்ந்ததும் துப்பாக்கி சுடப் பழகியதும் இன்றைய குரோவேஷியாவில் இருக்கும் ஒசியெக் நகரத்தில். 1988-ல் சோல் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தங்கம், 25 மீட்டர் பிஸ்டலில் வெண்கலம். அப்போது வயது 22. 1992 பார்சலோனாவில் வெள்ளி, 2000 சிட்னியில் வெள்ளி, 2004 ஏதென்ஸில் வெள்ளி. கடைசியாக 2012-ல் லண்டனில் 46 வயதில் வந்து நின்றார். மொத்தம் ஏழு ஒலிம்பிக், ஐந்து பதக்கம்.

இந்த ஐந்தையும் பதக்கப் பட்டியலில் தேடிப் பாருங்கள். சோலில் வென்ற இரண்டும் பழைய சோசலிச யூகோஸ்லாவியாவின் வரியில் இருக்கும். பார்சலோனா வெள்ளி எந்த நாட்டு வரியிலும் இல்லை. ‘சுயேச்சை ஒலிம்பிக் பங்கேற்பாளர்கள்’ என்ற தனி வரியில் இருக்கிறது. சிட்னி வெள்ளி, செர்பியாவும் மாண்டினீக்ரோவும் மட்டும் மிஞ்சிய யூகோஸ்லாவியக் கூட்டுக் குடியரசுக்குப் போனது. ஏதென்ஸில் அந்த நாட்டின் பெயரே ‘செர்பியா மாண்டினீக்ரோ’ என்று மாறிவிட்டது. பட்டியல் தொகுப்பவர் இந்தக் கடைசி இரண்டையும் சேர்ப்பதா பிரிப்பதா என்று எடுக்கும் முடிவைப் பொறுத்து, ஒரே பெண்ணின் ஐந்து பதக்கங்கள் மூன்று வரிகளிலோ நான்கு வரிகளிலோ சிதறிக் கிடக்கும். 2008 பெய்ஜிங் தொடக்க விழாவில் செர்பியாவின் கொடியை ஏந்தி நடந்தவர் யாஸ்னாதான். அந்தக் கொடியின் கீழ் அவர் பெய்ஜிங்கிலும் லண்டனிலும் போட்டியிட்டார். இரண்டிலும் பதக்கம் இல்லை. ஆகவே, ‘செர்பியா’ என்று எழுதிய வரியில் விரல் வைத்துத் தேடினால் யாஸ்னா ஷெகாரிச் என்ற பெயரே கிடைக்காது.

ஐந்து பெயர்களில் அவர் சுட்டார். ஆனால் பத்து மீட்டர் தூரத்தில் இருந்த இலக்கும், அதை நோக்கி நீண்ட கையும் மாறவில்லை. நாட்டின் பெயர்தான் ஒவ்வொரு முறையும் மாறியது.

பார்சலோனாவில் அவர் எப்படி வெள்ளி வென்றார் என்பதையும் சொல்ல வேண்டும். இறுதிச் சுற்று முடிந்தபோது யாஸ்னாவுக்கு 486.4 புள்ளி. மரினா லோக்வினென்கோவுக்கும் அதே 486.4. தங்கம் லோக்வினென்கோவுக்குப் போனது. அவர் வந்தது சிதைந்துபோன சோவியத் யூனியனின் குடியரசுகள் சேர்ந்து அனுப்பிய ‘ஒருங்கிணைந்த அணி’யிலிருந்து. முந்தைய ஒலிம்பிக்கில் இருந்த இரண்டு பெரிய நாடுகள் உடைந்துபோக, அவற்றிலிருந்து வந்த இரண்டு பெண்கள் பத்தில் ஒரு பங்குப் புள்ளிகூட வித்தியாசம் இல்லாமல் மேடையேறினார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஏதென்ஸிலும் யாஸ்னாவுக்கு இதே கதை. உக்ரைனின் ஒலேனா கொஸ்டெவிச்சும் அவரும் 483.3 என்று சமமாக நின்றார்கள். தங்கத்துக்காகத் தனியாக ஒரு குண்டு சுட வைத்தார்கள்; அதில் யாஸ்னா தோற்றார். இரண்டு முறை சமமாக நின்று இரண்டு முறையும் தங்கத்தை விட்டவர், அடுத்த நான்காண்டுக்கும் அதற்கடுத்த நான்காண்டுக்கும் பயிற்சிக்குத் திரும்பினார். நம் பள்ளிப் பிள்ளைகள் படிக்க வேண்டிய வாழ்க்கை இது.

இப்போது 1992. இந்த ஆண்டைப் பற்றித்தான் நான் உங்களிடம் விரிவாகப் பேச விரும்புகிறேன்.

பெல்கிரேட் நகரம் 1992 ஒலிம்பிக்கை நடத்த விண்ணப்பித்த நகரங்களில் ஒன்று. 1986 அக்டோபரில் லோசானில் நடந்த வாக்கெடுப்பில் பார்சலோனா வென்றது. பெல்கிரேட் மனம் தளரவில்லை, 1996-க்கும் விண்ணப்பித்தது. 1990 செப்டம்பரில் டோக்கியோவில் அட்லாண்டா வென்றது. அதற்கடுத்த ஆண்டே யூகோஸ்லாவியாவில் போர் வெடித்தது. 1992 மே 30 அன்று ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் 757-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, செர்பியாவும் மாண்டினீக்ரோவும் அடங்கிய நாட்டின்மீது தடைகளை விதித்தது. வணிகம், விமானப் போக்குவரத்து என்று நீண்ட அந்தத் தடைகளில் விளையாட்டும் இருந்தது. எந்த ஒலிம்பிக்கைத் தன் ஊரில் நடத்த ஆசைப்பட்டதோ, அதில் கலந்துகொள்ளும் உரிமையையும் பெல்கிரேட் இழந்தது.

தொடக்க விழாவுக்குச் சில நாட்களே இருக்கும்போது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஒரு நடுவழி கண்டது. தனிநபர் போட்டிகளில் மட்டும் வீரர்கள் வரலாம். நாட்டின் பெயர் கூடாது, கொடி கூடாது, தேசிய கீதம் கூடாது. அப்படி வந்தவர்கள் 58 பேர். அவர்களில் ஆறு பேர் அப்போதுதான் தனி நாடான மாசிடோனியாவைச் சேர்ந்தவர்கள். எல்லோருக்கும் வெள்ளை உடை. தொடக்க விழா அணிவகுப்பில் அவர்கள் நடக்கவில்லை. அவர்கள் வென்ற மூன்று பதக்கங்களும் துப்பாக்கி சுடுதலில் வந்தவை: யாஸ்னாவின் வெள்ளி, ஏர் ரைஃபிளில் அரங்கா பிண்டரின் வெண்கலம், 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் ஸ்டெவான் பிளெட்டிகோசிச்சின் வெண்கலம்.

குழு விளையாட்டுகளுக்குக் கதவு முழுதாக மூடப்பட்டது. யூகோஸ்லாவியாவின் வாட்டர் போலோ அணி 1984-லும் 1988-லும் ஒலிம்பிக் தங்கம், 1986-லும் 1991-லும் உலகப் பட்டம் வென்ற அணி. பார்சலோனாவில் அது நீரில் இறங்கவே இல்லை. தங்கம் இத்தாலிக்கு. அந்த இத்தாலியின் பயிற்சியாளர் ராட்கோ ருடிச், பெல்கிரேடில் பிறந்த குரோவேஷியர். யூகோஸ்லாவியாவுக்கு அந்த இரண்டு ஒலிம்பிக் தங்கங்களையும் வாங்கித் தந்தவரும் அவரேதான்.

கூடைப்பந்துக் கதை இதைவிட வலிக்கும். 1992 ஏப்ரல் 16, இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். பெல்கிரேடின் பார்ட்டிசான் அணி, ஸ்பெயினின் ஹுவெந்துட் படலோனாவை எதிர்த்து ஆடுகிறது. போர் காரணமாகப் பார்ட்டிசான் அந்தப் பருவத்தில் பெரும்பாலான சொந்த ஊர் ஆட்டங்களை மாட்ரிட் பக்கத்து ஃபுவென்லப்ராடாவில் ஆட வேண்டியிருந்தது. பயிற்சியாளர் ஷெல்கோ ஒப்ராடோவிச்சுக்கு அதுதான் பயிற்சியாளராக முதல் பருவம். நான்கு ஆண்டுக்கு முன் சோலில் வெள்ளி வென்ற யூகோஸ்லாவிய அணியில் ஆடியவர் அவர். கடைசி நொடிகளில் அலெக்சாண்டர் ஜோர்ஜெவிச் மூன்று புள்ளி எறிந்தார். 71–70. பார்ட்டிசான் ஐரோப்பாவின் சாம்பியன். ஜோர்ஜெவிச்சும் பிரெட்ராக் டானிலோவிச்சும் அன்று ஐரோப்பாவில் யாருக்கும் சளைக்காத ஆட்டக்காரர்கள்.

அந்தக் கோடையில் ஒலிம்பிக் கூடைப்பந்துப் போட்டிகள் எங்கே நடந்தன தெரியுமா? பார்சலோனாவை ஒட்டிய படலோனாவில். ஏப்ரலில் அவர்கள் வீழ்த்திய அணியின் ஊர் அது. ஜோர்டன், மேஜிக் ஜான்சன், பேர்ட் எல்லாம் ஆடிய அமெரிக்கக் ‘கனவு அணி’யைப் பற்றித் தமிழிலும் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். இறுதி ஆட்டத்தில் அதை எதிர்த்து நின்றது குரோவேஷியா. 117–85 என்று தோற்று வெள்ளி வாங்கியது. அந்தக் குரோவேஷிய அணியின் டிராஷென் பெட்ரோவிச், டோனி குகோச், டீனோ ராஜா மூவரும் சோல் ஒலிம்பிக்கில் விளாடே டிவாட்ஸோடு ஒரே சட்டை போட்டு வெள்ளி வென்றவர்கள். படலோனாவில் இவர்கள் ஆடும்போது டிவாட்ஸும் ஜோர்ஜெவிச்சும் டானிலோவிச்சும் ஆட்டத்துக்கு வெளியே இருந்தார்கள். யூகோஸ்லாவியா உடையாமல் இருந்திருந்தால் அந்த இறுதி ஆட்டம் எப்படி இருந்திருக்கும் என்று பால்கன் நாடுகளில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அதற்கு விடை கிடையாது. டிராஷென் 1993 ஜூனில் சாலை விபத்தில் இறந்தார். டிவாட்ஸும் ஜோர்ஜெவிச்சும் டானிலோவிச்சும் 1996-ல் அட்லாண்டா போய், இறுதியில் அமெரிக்காவிடம் தோற்று வெள்ளியோடு திரும்பினார்கள். பின்னாளில் டிவாட்ஸ் செர்பிய ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக எட்டு ஆண்டு இருந்தார்.

நண்பர்களே, இதை மட்டும் எழுதி நிறுத்தினால் அது அரைக் கதைதான். செர்பிய வீரர்களின் இழப்பை எழுதுபவர் சரயேவோவை எழுதாமல் விடக்கூடாது.

1984-ல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர் சரயேவோ. எட்டே ஆண்டில் அது முற்றுகைக்குள் இருந்தது. முற்றுகையிட்டவை போஸ்னிய செர்பியப் படைகள். ட்ரெபெவிச் மலைமேல் பாப்ஸ்லெட் வண்டிகள் சறுக்கிய கான்கிரீட் பாதை பீரங்கி நிலையாக மாறியது. பனிச்சறுக்கு நடனம் நடந்த செட்ரா அரங்கம் குண்டு விழுந்து சிதைந்தது; அதை ஒட்டிய மைதானம் இடுகாடானது. யாஸ்னாவும் மற்றவர்களும் வெள்ளை உடையில் வந்த அதே பார்சலோனாவுக்கு, முதல் முறையாகத் தனி நாடாக போஸ்னியாவும் வந்தது. அந்த அணியில் மிர்சாதா புரிச் என்ற ஓட்டக்காரி இருந்தார். குறிபார்த்துச் சுடுபவர்கள் மேலே காத்திருக்கும் தெருக்களில் ஓடிப் பயிற்சி எடுத்து, 3000 மீட்டர் ஓட வந்தவர். ஐ.நா. தடை ஏன் வந்தது என்று வாசகர் கேட்டால், அதற்கான பதிலில் இந்தப் பெண்ணும் இருக்க வேண்டும். தடைக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை உண்டாக்கியவர்கள் துப்பாக்கி சுடும் வீராங்கனைகளும் கூடைப்பந்து ஆட்டக்காரர்களும் இல்லை என்பதும் உண்மை. இந்த இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுத முடியும், எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கும் கட்டுரைகள் ஏற்கெனவே போதுமான அளவு வந்துவிட்டன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1994 பிப்ரவரி, நார்வேயின் லில்லஹாமரில் குளிர்கால ஒலிம்பிக். தொடக்க விழாவில் ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் சமராஞ்ச், எரிந்துகொண்டிருந்த சரயேவோவுக்காக எல்லோரையும் மௌனம் காக்கச் சொன்னார். அந்தப் போட்டியில் போஸ்னியா நான்கு பேர் பாப்ஸ்லெட் அணி ஒன்றை அனுப்பியது. இரண்டு போஸ்னிய முஸ்லிம்கள், ஒரு குரோவேஷியர், ஒரு செர்பியர். ஊரில் இந்த மூன்று இனத்தாரும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த நேரம். இந்த நால்வரும் ஒரே வண்டியில் ஒருவர் முதுகோடு ஒருவர் ஒட்டி உட்கார்ந்து பனிப்பாதையில் இறங்கினார்கள். தரவரிசையில் அவர்கள் பின்னால்தான் இருந்தார்கள். பதக்கப் பட்டியலை மட்டும் அச்சிடும் பக்கத்தில் இவர்களுக்கு இடமே கிடையாது.

‘செர்பியர்’ என்று எழுதும்போது நாம் இரண்டு பக்கமும் தவறு செய்ய வாய்ப்பு உண்டு. ஒரு பக்கம், யூகோஸ்லாவியா வென்றது எல்லாம் செர்பியா வென்றது என்று எழுதிவிடுவது. சரயேவோவில் யூகோஸ்லாவியாவுக்கு முதல் குளிர்கால ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்த யூரே ஃபிராங்கோ ஸ்லோவேனியர். ஜிம்னாஸ்டிக்ஸில் தங்கம் வென்ற லியோன் ஷ்டுகெல்யும் மிரோஸ்லாவ் செராரும் ஸ்லோவேனியர்கள்தான். இவர்களைச் செர்பியக் கணக்கில் ஏற்றினால் லுப்லியானாவில் உள்ளவர்கள் கோபப்படுவார்கள், கோபப்படுவது நியாயமும்கூட. மறுபக்கம், வேறு கொடிகளின் கீழ் நின்ற செர்பியர்களை விட்டுவிடுவது.

அப்படி விடுபட்டவர்களில் முதல்வர் மொம்சிலோ தபாவிட்சா. அன்று ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் இருந்த நாதல்யி என்ற ஊரில் 1872-ல் பிறந்த செர்பியர். புடாபெஸ்டில் கட்டடக் கலை படித்துக்கொண்டிருந்தவர், 1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் ஹங்கேரி சார்பில் கலந்துகொண்டார். ஒரே ஒலிம்பிக்கில் டென்னிஸ், பளுதூக்குதல், மல்யுத்தம் என்று மூன்றிலும் இறங்கினார். டென்னிஸில் மூன்றாம் இடம். அந்தக் காலத்தில் மூன்றாமவருக்குப் பதக்கம் கிடையாது. பின்னாளில்தான் பதிவேடுகள் அதை வெண்கலம் என்று ஏற்றன, அதுவும் ஹங்கேரியின் கணக்கில். ஊர் திரும்பியவர் கட்டடக் கலைஞராக வாழ்ந்தார். நோவி சாத் நகரத்தில் செர்பியர்களின் பெரிய பண்பாட்டு அமைப்பான ‘மாதிட்சா ஸ்ர்ப்ஸ்கா’ இன்று இயங்கும் கட்டடம் அவர் வடிவமைத்தது. ஜோகோவிச்சுக்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் ஒலிம்பிக் டென்னிஸில் மட்டையோடு நின்ற ஒரு செர்பியர் இருந்தார் என்பதை, ஜோகோவிச்சைப் பற்றி எழுதும்போது ஒரு வரி சேர்த்தால் என்ன?

செர்பியா தன் பெயரில் முதன்முதலாக ஒலிம்பிக் போனது 1912-ல், ஸ்டாக்ஹோமுக்கு. ஸ்வெடோமிர் ஜூகிச் என்ற ராணுவ அதிகாரி முன்னின்று 1910-ல் பெல்கிரேடில் ஒலிம்பிக் சங்கம் தொடங்கியதன் பலன் அது. போனவர்கள் இரண்டே பேர். ஷிவ்கோ வாஸ்திச் 100 மீட்டர் ஓடினார். கொடியேந்தி வந்த டிராகுட்டின் தோமாஷெவிச் மாரத்தான் ஓடினார். அன்றைய வெயிலில் ஓடத் தொடங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பாதியிலேயே விழுந்தார்கள். போர்ச்சுகலின் பிரான்சிஸ்கோ லாசரோ மயங்கி விழுந்து மறுநாள் இறந்துபோனார். தோமாஷெவிச் உயிரோடு ஊர் திரும்பினார். மூன்று ஆண்டு கழித்து, 1915-ல், முதல் உலகப் போரில் கொல்லப்பட்டார். செர்பியா என்ற பெயரில் ஒரு அணி மறுபடி கோடைக்கால ஒலிம்பிக்கில் நடந்தது 2008-ல்தான். அந்த 96 ஆண்டு இடைவெளியில் செர்பியர்கள் ஒலிம்பிக்கில் இல்லாமல் இல்லை. வேறு பெயர்களில் இருந்தார்கள்.

வேரா நிகோலிச்சும் அப்படி ஒரு வேறு பெயரின் கீழ் ஓடியவர்தான். 1968 ஜூலையில் லண்டனில் 800 மீட்டரை 2 நிமிடம் 0.5 நொடியில் ஓடி உலக சாதனை படைத்த கிராமத்துப் பெண். அக்டோபரில் மெக்சிகோ நகரம் போனபோது யூகோஸ்லாவியா முழுவதும் அவரிடம் தங்கத்தை எதிர்பார்த்தது. அரையிறுதியில் ஓட்டத்தின் நடுவிலேயே நின்று, தடத்தை விட்டு வெளியே போய்விட்டார். வயது இருபது. மூன்றாண்டு கழித்து ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தை மறுபடி வென்றார். நம் ஊரிலும் ஒரு பெண்ணின் தோளில் நாட்டையே ஏற்றி வைத்துவிட்டு, தோற்றால் கேள்வி மேல் கேள்வி கேட்கிறோம். அடுத்த முறை அப்படி ஒரு தலைப்புப் போடும் முன் வேராவைப் பற்றி ஒரு நிமிடம் நினையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேறு நாட்டு அணிகளுக்குப் பின்னால் நிற்கும் செர்பியப் பயிற்சியாளர்களைப் பற்றி நாம் எழுதுவதே இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆண்கள் கைப்பந்தில் போலந்து வெள்ளி வென்றது. 1976-க்குப் பிறகு அந்த அணிக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். பயிற்சியாளர் நிகோலா கிர்பிச், சிட்னியில் யூகோஸ்லாவியா தங்கம் வென்றபோது அண்ணன் விளாடிமிரோடு சேர்ந்து ஆடியவர். வாட்டர் போலோவில் அமெரிக்கா வெண்கலம் வென்றது. அதன் பயிற்சியாளர் டேயான் உடோவிச்சிச், செர்பியாவுக்கு 2008-லும் 2012-லும் வெண்கலம் வாங்கித் தந்தவர். அரையிறுதியில் அவருடைய அமெரிக்க அணியைத் தோற்கடித்தது செர்பியா. சிட்னியில் தங்கம் வென்ற அந்தக் கைப்பந்து அணியில் ஆடிய இன்னொருவர் ஸ்லோபோடான் கோவாச். 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் ஈரானின் கைப்பந்துத் தங்கம் அவர் பயிற்சியில் வந்தது. டோக்கியோவில் அமெரிக்கக் கூடைப்பந்து அணிக்குத் தங்கம் வாங்கித் தந்த கிரெக் போபோவிச்சின் தந்தை செர்பியர், தாய் குரோவேஷியர். நாட்டுப் பட்டியலில் இதில் எதுவும் தெரியாது.

இதற்கு எதிர்த்திசையில் வந்தவர் மிலோராட் சாவிச். கலிபோர்னியாவின் அனஹைமில் பிறந்தவர், நீந்தியது செர்பியாவுக்காக. பெய்ஜிங்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் ஏழாவது தங்கத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஃபெல்ப்ஸ் 50.58, சாவிச் 50.59. சுவரைத் தொடும்வரை முன்னால் இருந்தவர் சாவிச். செர்பிய அணி முறையிட்டது, முறையீடு தள்ளுபடியானது, சாவிச் முடிவை ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு மார்ச்சில் ஐன்ட்ஹோவன் ஐரோப்பியப் போட்டியில், அப்போதுதான் தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்ட கொசோவோ செர்பியாவுடையது என்று எழுதிய சட்டையோடு மேடையேறி, போட்டியிலிருந்து நீக்கப்பட்டவரும் அவர்தான். இதையும் எழுத வேண்டும். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த ஒருவருக்குள் அந்தக் கொடி எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதை ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கை மட்டும் பேசும் கட்டுரை சொல்லாது.

கொடி இல்லாமல் நிற்பது நமக்கும் தெரியாத அனுபவம் கிடையாது. 2012 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தைச் சர்வதேச கமிட்டி இடைநீக்கம் செய்ததால், 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் நம் வீரர்கள் ஐந்து வளையக் கொடியின் பின்னால் நடந்தார்கள். ஷிவ கேசவன் லூஜ் போட்டியில் சறுக்கியது யாஸ்னாவுக்கு பார்சலோனாவில் கொடுத்த அதே ‘சுயேச்சை ஒலிம்பிக் பங்கேற்பாளர்’ என்ற பெயரில். அவர் போட்டி முடிந்த ஓரிரு நாளில், பிப்ரவரி 11-ல், தடை நீங்கியது. அணியின் மற்ற இரண்டு வீரர்களும் இந்தியா என்ற பெயரில் இறங்கினார்கள். நம்மைத் தடுத்தது நிர்வாகத் தகராறு. அவர்களைத் தடுத்தது போர். இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் அந்தச் சில நாட்கள் நமக்கு எவ்வளவு உறுத்தின என்று நினைவிருந்தால், பார்சலோனாவின் வெள்ளை உடைக்காரர்களைப் புரிந்துகொள்வது எளிது.

2006-ல் மாண்டினீக்ரோ பிரிந்த பிறகு செர்பியாவுக்குக் கடலே இல்லை. ஆனால் 2016, 2020, 2024 மூன்று ஒலிம்பிக்கிலும் ஆண்கள் வாட்டர் போலோ தங்கம் செர்பியாவுக்குத்தான். முதல் இரண்டுக்கும் பயிற்சியாளரான டேயான் ஸாவிச், வீரராக யூகோஸ்லாவியா, செர்பியா மாண்டினீக்ரோ, செர்பியா என்று மூன்று பெயர்களில் மூன்று பதக்கம் வாங்கியவர். ரியோவிலும் பாரிஸிலும் இறுதியில் எதிரே நின்றது குரோவேஷியா. ஒரு காலத்தில் ஒரே அணியாக இருந்தவர்களின் வாரிசுகள் இரண்டு முறை தங்கத்துக்கு மோதினார்கள். தனி நாடான பிறகு செர்பியாவின் முதல் தங்கம் 2012 லண்டனில் டேக்வாண்டோ வீராங்கனை மிலிட்சா மாண்டிச்சிடமிருந்து வந்தது. ஒன்பது ஆண்டு கழித்து டோக்கியோவில் அவரே மறுபடி வென்றார். அதே லண்டனில் வெள்ளி வென்ற இவானா மாக்சிமோவிச்சின் தந்தை கோரான், சோலில் யாஸ்னா தங்கம் வென்ற அதே ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிள் தங்கம் வென்றவர். அப்பாவின் தங்கம் யூகோஸ்லாவியாவுக்கு, மகளின் வெள்ளி செர்பியாவுக்கு.

ஜோகோவிச்சுக்கு வருவோம். 2008-ல் வெண்கலம். லண்டனிலும் டோக்கியோவிலும் பதக்கத்துக்கு ஒரு படி கீழே நின்றார். ரியோவில் முதல் சுற்றிலேயே டெல் போட்ரோவிடம் தோற்று அழுதுகொண்டே வெளியேறினார். 2024 ஜூனில் முழங்காலில் அறுவை சிகிச்சை. ஆகஸ்ட் 4 அன்று பாரிஸில் அல்கராஸை 7–6, 7–6 என்று வென்றபோது வயது 37. கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் எத்தனையோ வாங்கியவர், அன்று மண் தரையில் மண்டியிட்டு உடல் குலுங்க அழுதார். கொடியைப் பற்றி இவ்வளவு கேள்வி கேட்ட பிறகும் இதை நான் மறுக்கப்போவதில்லை: அந்தக் கொடி அவருக்குப் பொருள் உள்ளது. 1999-ல் நேட்டோ குண்டு வீசியபோது பெல்கிரேடில் பதுங்கு அறையில் இரவுகளைக் கழித்த சிறுவன் அவர். ஒரு நாட்டின் பெயர் எத்தனை முறை மாறினாலும் அதன் மக்களுக்கு அது வெறும் எழுத்தாகிவிடாது. அதனால்தான் பட்டியலில் எந்த வரியில் எழுதுகிறோம் என்பதை இவ்வளவு பேசுகிறேன்.

2028-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் வரும். பட்டியலுக்குக் கீழே தினமும் ஒரு பெட்டிச் செய்திக்கு இடம் ஒதுக்குங்கள். அன்று பதக்கம் வாங்கியவர் யாரிடம் பயின்றார், எந்த ஊரில் பிறந்து எந்த நாட்டுக்காக ஆடுகிறார், போன முறை எந்தப் பெயரில் வந்தார் என்று எட்டு வரி போதும். ‘யூகோஸ்லாவியா’ என்று எழுத வேண்டிய இடத்தில் அப்படியே எழுதி, அடைப்புக்குறிக்குள் அந்த வீரரின் ஊரைச் சொல்லுங்கள். ‘இன்றைய செர்பியா’ என்று கணக்குப் பார்க்காமல் போட வேண்டாம். வினாடி வினா எழுதும் ஆசிரியர்களே, அதிகத் தங்கம் வென்ற நாடு எது என்ற கேள்வியோடு, ஐந்து பெயர்களின் கீழ் ஒலிம்பிக்கில் சுட்ட வீராங்கனை யார் என்றும் ஒரு கேள்வி வையுங்கள். முதலாண்டு யாருக்கும் விடை தெரியாமல் போகலாம். அடுத்த ஆண்டு இரண்டு பிள்ளைகளாவது கை தூக்குவார்கள்.

வர்ணனை செய்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். சோலில் யாஸ்னாவுக்கு அடுத்து வெள்ளி வென்றவர் சோவியத் யூனியனுக்காகச் சுட்ட நீனோ சலுக்வாட்ஸே. அவர் 2008-ல் ஜார்ஜியாவுக்காக வெண்கலம் வென்ற நாட்களில் ஜார்ஜியாவும் ரஷ்யாவும் போரில் இருந்தன. மேடையில் வெள்ளி வென்ற ரஷ்யாவின் நடால்யா படேரினாவை அணைத்துக்கொண்டார். 2024 பாரிஸில் அவருக்குப் பத்தாவது ஒலிம்பிக். துப்பாக்கி சுடுதல் இறுதிச் சுற்றுகளில் ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவே உங்களுக்கு நிறைய நேரம் கிடைக்கும். யாஸ்னா, நீனோ என்ற இந்த இரண்டு பெண்களைப் பற்றி அப்போது பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கங்களை நெடுநாளாகப் படித்துவரும் வாசகன்